பேட்ச் மாத்தாதீங்க, ஆம்ப் மட்டும் மாத்துங்க

நம்ம பீங்கான் ஊர் விருத்தாசலத்துல மாசி மகக் கச்சேரி. பல்லவி முடிஞ்சு கிட்டார் லீடு. பெடலை மிதிச்சேன், முதல் நோட்டையே காணோம்! எல்லாரும் என்னையே பாக்குறாங்க.

விஷயம் இதுதான். பல ப்ராசஸர்கள் பேட்ச் மாறும்போது மொத்த எஃபெக்ட்டையும் புதுசா ஏற்றுகின்றன. அந்த இடைவெளியில் சத்தம் அறுந்துவிடும். அதனால் ஒரு பாட்டுக்கு ஒரே பேட்ச் வைங்க. லைன் 6 ஹெலிக்ஸில் ஒரு ப்ரீசெட்டுக்குள்ளேயே 8 ஸ்னாப்ஷாட் உண்டு. ஒன்றில் க்ளீன் ஆம்ப், இன்னொன்றில் டிஸ்டார்ஷன் ஆம்ப். ரெண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் டிலேயின் வால்கூட அறுபடாது. ஆனா ரெண்டு ஆம்ப் ப்ராசஸருக்குச் சுமைதான்.

பாஸ் ஜிடி-1 மாதிரி சின்னப் பெட்டியா? அதே ஆம்போட ‘சோலோ’ ஸ்விட்சை கால் பெடலுக்குக் கொடுத்துடுங்க. சோலோ லெவலை மட்டும் ஹெட்போன்ல வைக்காதீங்க. சவுண்ட் செக்ல, டிரம்ஸ் வாசிக்கும்போதே வைங்க.