அகப்பக்கம் கட்டிக் கொடுத்தால் வேலை முடிந்ததா?

"தம்பி, நீ செஞ்சு கொடுத்தது பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா அதப் பார்த்துட்டு ஒருத்தரும் போன் பண்ணலியே!"

மாசாயில் விருந்துச் சமையல் தொழில் நடத்தும் அக்கா ஒருவர் இப்படிச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டு ஐந்து பக்கங்களில் ஓர் அகப்பக்கம் செய்து கொடுத்துவிட்டு, நான் அடுத்த வேலையைத் தேடிப் போயிருந்தேன். ஸ்கூடாயில் நண்பரோடு சேர்ந்து நான் நடத்தும் சிறிய தொழில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தளம் முடிந்தால் அந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும் வருமானமும் முடிந்தது. மாதம் பிறந்தால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். வாடகைக்குக் கடன் வாங்கிய மாதங்களும் உண்டு.

அன்று அக்காவின் சமையற்கூடத்திலேயே அரை நாள் உட்கார்ந்தேன். அவரைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது கூகல் வரைபடத்தை. அங்கே அவருடைய பழைய கைப்பேசி எண்தான் இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை. கூகலில் வணிகப் பதிவு வைத்துக்கொள்ளக் கட்டணம் கிடையாது. ஆனால் அதைச் சரியாக நிரப்பப் பொறுமை வேண்டும். எண்ணை மாற்றி, வாழையிலை விருந்தின் படங்களை ஏற்றி, அகப்பக்கத்தில் வாட்ஸ்அப் பொத்தானையும் வைத்தேன். இரண்டு வாரத்தில் முதல் அழைப்பு வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர், மாசாயில் இருக்கும் பெற்றோர் வீட்டில் நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்திற்காகக் கேட்டிருந்தார்.

அதுவே எங்கள் இரண்டாவது சேவையானது. அது ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் வேலையும் அல்ல. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் கடை நேரத்தை மாற்றினார்கள். இணையத்தில் மாற்ற மறந்தார்கள். பூட்டிய கதவின் முன் நின்றவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனால், அது அங்கேயேதான் இருக்கும்.

மூன்றாவதாகச் சேர்த்தது பராமரிப்பு. அதை என் தவறுதான் கற்றுக் கொடுத்தது. ஒரு துணிக்கடையின் இணைய முகவரியை அவசரத்தில் என் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருந்தேன். என் வங்கி அட்டை காலாவதியானது. ஆண்டுக் கட்டணம் கழியவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தளம் நான்கு நாள் காணாமல் போனது. கடைக்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. இப்போது எல்லா முகவரிகளையும் வாடிக்கையாளர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும்தான் பதிவு செய்கிறோம். புதுப்பிக்கும் தேதியை நினைவூட்டுவது, வேர்ட்பிரஸையும் அதன் செருகுநிரல்களையும் புதுப்பிப்பது, வாரம் ஒரு நகல் எடுத்து வைப்பது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி. இன்று வாடகையைக் கட்டுவது இந்தப் பணம்தான்.

வாடிக்கையாளர் கேட்பதைக் கவனித்து வளர்ந்தவர்களுக்குப் பெரிய உதாரணம் மெயில்சிம்ப். பென் செஸ்ட்நட்டும் டேன் கர்சியஸும் அமெரிக்காவின் அட்லாண்டாவில் அகப்பக்க வடிவமைப்புத் தொழில்தான் செய்துகொண்டிருந்தார்கள். மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்ப வழி வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்க, 2001இல் பக்கத் தொழிலாக அதைத் தொடங்கினார்கள். 2007இல் வடிவமைப்பைக் கைவிட்டு அதில் முழுமூச்சாக இறங்கினார்கள். 2021இல் இன்டுயிட் நிறுவனம் அதை ஏறத்தாழ 1,200 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்தத் தொகையை விட்டுவிடுங்கள். நான் பார்ப்பது அந்த ஆறு ஆண்டுகளை. பழைய தொழில் சோறு போடும்போதே புதியதைப் பரிசோதித்திருக்கிறார்கள்.

கேட்டதற்கெல்லாம் தலையாட்டவும் கூடாது. 2024 ஆகஸ்ட் 1 முதல் மின்விலைப்பட்டியல் முறை, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தபோது, "அதையும் நீயே செஞ்சு குடுப்பா" என்று பலர் கேட்டார்கள். நல்ல காசு கிடைத்திருக்கும். ஆனால் நான் கணக்காளன் அல்லன். உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லி, வரி விவரங்களுக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். அவரும் இப்போது அகப்பக்கம் வேண்டும் என்பவர்களை எங்களிடம் அனுப்புகிறார்.

மாசாய் அக்கா போன வாரம் மறுபடி அழைத்தார். உணவுப் பட்டியல் சீன மொழியிலும் வேண்டுமாம். எனக்குச் சீனம் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் நண்பர். 'ரசம்' அதில் என்னவாக மாறும் என்று யோசித்துவிட்டு, பக்கத்துக் கடை சீன நண்பரிடம் பட்டியலைக் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கூலி எவ்வளவு, அக்காவிடம் எவ்வளவு கேட்பது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.