தன் குரல் பிந்திக் கேட்பதேன்?

கணிப்பொறியில் பாடம் பதிவு செய்யும் ஆசிரியர், ஒலிவாங்கியில் தாம் பேசுவதை ஹெட்போனில் பிந்திக் கேட்பாராயின், நா தடுமாறும். இவ்விளைவை 1950-இல் அமெரிக்காவில் பெர்னார்டு லீ விவரித்தார். வினாடியில் ஐந்திலொரு பங்குத் தாமதமே மிகுந்த இடர் விளைப்பது. விலையுயர்ந்த ஒலிவாங்கி வாங்குவதால் இது தீராது.

கணிப்பொறி ஒலியை எண்களாக மாற்றி, ‘பஃபர்’ என்னும் தொகுதி நிரம்பிய பின்னரே மேலே செலுத்துகிறது. வினாடிக்கு 48,000 எண்கள் எனில், 1,024 கொண்ட தொகுதி நிரம்ப 21 மில்லி வினாடி செல்லும். 128 ஆயின் 3-க்கும் குறைவே. ஒலி உட்புகும்போதும் வெளியேறும்போதும் இக்காத்திருப்பு உண்டு. ஆதலின் பதிவு மென்பொருளில் பஃபர் அளவைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். அளவு கடந்து குறைப்பின் ஒலி கரகரக்கும். புளூடூத் ஹெட்போன் தாமதத்தை மிகுவிக்கும், கம்பியுள்ளதே ஏற்றது.

ஒலிவாங்கியை இணைக்கும் வெளிக்கருவியில் ‘டைரக்ட் மானிட்டர்’ விசை இருப்பின், குரல் கணிப்பொறியைச் சுற்றாமலே செவியை அடையும். அப்போது மென்பொருள்வழிக் கேட்பதை நிறுத்திவிடுக. இன்றேல் குரல் இரட்டித்து ஒலிக்கும்.