மூன்றாவது பிக்கப் எதைக் கழிக்கிறது?

கெங்கவல்லி, தம்மம்பட்டி பக்கம் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்கும். கிட்டார்காரர் சற்றே திரும்பி நின்றால் அது தணியும். மேடையைச் சுற்றி ஓடும் ஒயர்களும் டிரான்ஸ்பார்மர்களும் 50 ஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தைக் கிளப்பிக்கொண்டே இருக்கின்றன. கம்பியின் அதிர்வுக்காக வைத்த பிக்கப் இதையும் வாங்கிக்கொள்கிறது.

பிக்கப் மைக் இல்லை. காந்தத் துண்டுகளின் மேல் தலைமுடிப் பருமனுள்ள செம்புக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்று சுற்றிய சுருள். அதன் முன்னால் எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைந்து, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டறிந்த அதே விதி. வீணையில் மந்தரத்துக்குக் கட்டும் பித்தளைக் கம்பியோ காந்தப்புலத்தை அப்படி அசைக்காது. மாண்டலின் யூ. ஸ்ரீனிவாஸோ எட்டுக் கம்பிகளை ஐந்தாகக் குறைத்து மின்சார மாண்டலினை வைத்துக்கொண்டார். மீட்டியதும் அடங்கிவிடும் நாதம் அதில் கமகம் முடியும் வரை நின்றது.

சரி, கிட்டாருக்கு இரண்டு மூன்று பிக்கப் எதற்கு? சத்தம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் வேறு. மீட்டிய கம்பி முழு நீளத்திலும் அதிரும். அதே நேரம் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பங்காகப் பிரிந்தும் அதிரும். இந்தக் கலவைதான் நாதத்தின் குணம். அதில் எது எவ்வளவு வெளியே வரும் என்பது பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் கம்பியின் நீளம் 648 மி.மீ. கழுத்தோரப் பிக்கப் குதிரையிலிருந்து (பிரிட்ஜ்) சுமார் 162 மி.மீ. தள்ளி, கால்பங்கில் இருக்கிறது. மெட்டில் விரல் வைக்காத கம்பியில் நான்கு பங்கு அதிர்வுக்கு அந்த இடத்தில் அசைவே இல்லை. பிக்கப்புக்கு அது கேட்காது. 12-ஆம் மெட்டை அழுத்தினால் மீதிக் கம்பியின் நட்டநடுவில் பிக்கப் வந்துவிடும். அப்போது இரட்டைப்படை அதிர்வுகள் எல்லாமே மறைந்து, புல்லாங்குழல் சாயலில் உருண்டையான ஒலி வரும். குதிரையோரப் பிக்கப்பில் கதையே தலைகீழ்: அங்கே அடிநாதம் மெலிந்து, கூர்மை தூக்கலாக நிற்கும்.

நடுவில், 98 மி.மீ. அளவில் ஒன்றை வைத்துக் கழுத்தோரப் பிக்கப்போடு சேர்த்து இயக்குங்கள். விரல் வைக்காத கம்பியின் ஐந்து பங்கு அதிர்வில் இந்த இரண்டு இடங்களும் எதிரெதிர்த் திசையில், கிட்டத்தட்ட ஒரே அளவு ஆடுகின்றன. கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய முழுதாக அடிபட்டுப் போகிறது. அந்த அதிர்வுக்கு மட்டும் குழி விழுந்த இந்த ஒலியைத்தான் கிட்டார்காரர்கள் தேடி அலைகிறார்கள். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுவிட்சில் மூன்று நிலைகளே உண்டு. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்திச் சேர்ப்பு ஒலியைத் திருடினார்கள். ஃபெண்டர் கம்பெனி ஐந்து நிலை சுவிட்சைக் கொடுக்க 1977 ஆயிற்று!

இரண்டு பிக்கப் கொண்ட டெலிகாஸ்டர் கிட்டாரின் நடுவில் மூன்றாவதைப் பொருத்துவதும் இதே ஆசையில்தான். அப்படிப் பொருத்தும்போது, சுருளை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக்கிய பிக்கப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. கம்பியின் சமிக்ஞை இருமுறை தலைகீழாகிப் பழைய நிலைக்கே வந்து மற்றதோடு கூடும். வெளியிலிருந்து வரும் ரீங்காரத்துக்குக் காந்தத்தோடு தொடர்பில்லை. ஒருமுறை மட்டும் தலைகீழாகி அது கழியும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கேட்ட ஹம்பக்கர் பிக்கப்பும் இந்தத் தந்திரத்தையே ஒரே பெட்டிக்குள் வைத்தது. ஆனால் மூன்றாவதைத் தனியாக இயக்கினால் ரீங்காரம் திரும்ப வரும்.

வேலையில் கவனிக்க ஒன்று உண்டு. காந்தம் கம்பியை இழுக்கும். புதிய பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கமாக உயர்த்தினால் நாதம் சீக்கிரம் சாகும். தடித்த கம்பியில் மேல் மெட்டுகள் சுருதி பிசகும். திருகாணியைத் தளர்த்தி இறக்கினால் சரியாகும். பிக்கப் பொருத்த மரத்தில் குடைந்த குழியை அப்படிச் சரிசெய்ய முடியாது. 1950-களின் அசல் கிட்டார் கையில் இருந்தால் உளியை எடுக்காதீர்கள். அதற்குப் பிந்தைய நகல் ஒன்றில் குடைந்து பார்க்கலாம்.