வாளை மாற்றினால் போதுமா?

“பேரை மட்டும்தானேக்கா மாத்தியிருக்க?”

ஆறாம் ஆண்டில் படிக்கும் என் சித்தி மகள் கேட்ட இந்த ஒரே கேள்வியில் என் விண்வெளி விளையாட்டு படுத்துவிட்டது. பள்ளி விடுமுறைக்கு பெக்கோக் வந்திருந்தேன். கூடத்து மேசையைச் சுற்றி மூன்று ஆட்டக்காரர்கள்: அவள், நான்காம் படிவத்தில் படிக்கும் என் தம்பி, ஐந்தாம் படிவம் முடித்த எதிர்வீட்டுப் பையன். அவன் அடுத்த வாரம் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகிறான். மூவரும் ஒன்றாகக் கிடைப்பது ஐந்தே இரவுகள். முதல் இரவை நான் வீணாக்கிவிட்டேன்.

நாங்கள் விளையாடியது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகை விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதில் சந்தேகம் இருந்தால், இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். திரை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தாளும் பென்சிலும் பகடையும் போதும்.

என் தம்பிக்கு டிராகன் பிடிக்காது, விண்கப்பல்தான் வேண்டும். ‘அதற்கென்ன?’ என்று வாளை ஒளிவாள் ஆக்கினேன். குதிரையைக் கப்பலாக்கினேன். மந்திரவாதியை விஞ்ஞானி ஆக்கினேன். எண் ஒன்றையும் தொடவில்லை. கப்பல் சண்டை வந்ததும் தம்பி மட்டும் பகடை உருட்டினான், ஏனென்றால் அவன்தான் ஓட்டுநர். மற்ற இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். தரையில் துப்பாக்கிச் சண்டை வந்தது. எட்டுக் குண்டு பாய்ந்தும் எதிரி நிமிர்ந்து நின்றான். “அவன் என்ன எருமையா?” என்றான் எதிர்வீட்டுப் பையன். தங்கையின் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் பகல் முழுவதும் யோசித்தேன். இந்தச் சிக்கலை எனக்கு முன்பே பலர் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் போன வழிகளைப் பார்த்தேன்.

1989-இல் ஜெஃப் கிரப் உருவாக்கிய ‘ஸ்பெல்ஜாமர்’, விதிகளுக்கு ஏற்றபடி விண்வெளியையே மாற்றிக்கொண்டது. அதில் கப்பலுக்கு எஞ்சின் கிடையாது. மந்திரவாதி ஒரு சிறப்பு நாற்காலியில் உட்காருவார். அவருடைய மந்திர ஆற்றல்தான் கப்பலை இழுக்கும். விண்வெளிக்குப் போகும் ஒவ்வொருவரும் தம்மைச் சுற்றிக் கொஞ்சம் காற்றையும் கொண்டு போவார்கள்.

2000-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டு எதிர்த்திசையில் போனது. இருபது முகப் பகடையை வைத்துக்கொண்டு விதியை மாற்றியது. உயிர்ப்புள்ளியை இரண்டாகப் பிரித்தது: ஓய்வெடுத்தால் சீக்கிரம் திரும்பும் தெம்பு ஒன்று, மெதுவாக ஆறும் காயம் இன்னொன்று. சாதாரண அடி தெம்பைக் குறைக்கும். குறி கச்சிதமாக அமைந்த அடி நேராகக் காயத்தில் இறங்கும். ஜெடாய் தன் ஆற்றலைப் பயன்படுத்தினாலும் தெம்புதான் செலவாகும். துப்பாக்கிக்குப் பயமும் வந்தது, மந்திரத்துக்கு விலையும் வந்தது.

2017-இல் வந்த ‘ஸ்டார்ஃபைண்டர்’ கப்பலுக்குள் எல்லாருக்கும் வேலை கொடுத்தது. தலைவர், ஓட்டுநர், பீரங்கியாளர், பொறியாளர், அறிவியல் அதிகாரி என ஒவ்வொருவருக்கும் தன் முறையில் செய்ய ஒன்று உண்டு.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் என் தவறு புரிந்தது. ஒவ்வொரு விதிக்குள்ளும் ஓர் உலகம் ஒளிந்திருக்கிறது. ஒருவன் பல அடிகளைத் தாங்குவான் என்ற விதி, வாளும் கேடயமும் உள்ள உலகத்துக்குச் சரி. விதியை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால், கட்டடம் பழையது, பெயர்ப்பலகை மட்டும் புதியது.

ஆனால், எல்லாவற்றையும் இடிக்கவும் வேண்டியதில்லை. பாதி மறைந்து நிற்பவரின் காப்பெண்ணுக்கு 2, முக்கால்வாசி மறைந்தவருக்கு 5 கூடும் என்று பழைய விதியிலேயே இருக்கிறது. வாள் சண்டையில் நாங்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. துப்பாக்கி வந்ததும் அதுதான் உயிர்காக்கும் விதி ஆனது.

கடைசியாகப் பயணம். மார்க் மில்லரின் ‘டிராவலர்’ 1977-இல் வந்தது. அதில் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கப்பலைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. அதைப் படித்ததும் எங்கள் ஊர் ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. ஒற்றைத் தண்டவாளக் காலத்தில், எதிர்வண்டி கடந்து போகும்வரை இந்த வண்டி சிறிய நிலையத்தில் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பில்தான் பலகாரம் விற்கும், ஊர்க்கதை பேசப்படும். எங்கள் விண்வெளியிலும் அப்படிச் சின்னத் துறைமுகங்கள் வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு விதி கொடுத்தவர் பாட்டி. இருபது முகப் பகடையில் தாக்கும்போது 1 விழுந்தால் குறி கட்டாயம் தப்பும். இரண்டாம் இரவு தம்பிக்கு 1 விழுந்தது, தலையில் கைவைத்துக்கொண்டான். மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி, “ஒண்ணு விழுந்ததுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? எங்களுக்கு அதுதாண்டா தாயம்!” என்றார். அங்கே தோல்வியாக இருக்கும் எண், இங்கே ஆட்டத்தையே தொடங்கி வைக்கும் எண்!

பாட்டியின் தாயக்கட்டைகள் மேசைக்கு வந்தன. இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். விழக்கூடிய வகைகள் 16. அவற்றில் மொத்தம் 1 வருவது இரண்டே வகைகளில். அதாவது, எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று பேரும் ஆளுக்கொரு முறை உருட்டினால், யாருக்காவது தாயம் விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு. ‘தாயம் விழுந்தால்தான் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்’ என்று விதி எழுதினேன். விழாத ஒவ்வொரு சுற்றுக்கும் துறைமுகத்தில் ஒரு சம்பவம்: கடன் கேட்க ஒருவர் வருவார், பக்கத்துக் கோளின் பழைய செய்தி வரும். தங்கை கைப்பேசியை மறந்தாள். துறைமுகத்தில் கடை போட்டதே அவள்தான்!

நீங்களும் முயலலாம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் அதை மாற்றலாம், தமிழிலும் எழுதலாம். நான் தமிழில் எழுதியதற்குக் காரணம் தங்கை. ஆங்கில விதியை நான் விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். ‘தெம்பு’, ‘காயம்’ என்றதும் கேள்வியே கேட்காமல் விளையாடினாள். மாற்றும் முன் ஒவ்வொரு விதியிடமும் ஒன்றைக் கேளுங்கள்: நீ எந்த உலகத்தை நம்பி எழுதப்பட்டாய்?

ஐந்தாம் இரவு. கடைசித் துறைமுகம். எதிர்வீட்டுப் பையன் கட்டைகளை உருட்டினான். முதல் வீச்சிலேயே தாயம். நாங்கள் கைதட்டினோம். அவன் கப்பல் காயை நகர்த்தவில்லை. தாயத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஒரு சுற்று நிக்கட்டுமே,” என்றான்.

அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை. அன்றைக்கு எழுதிக்கொண்டோம்.