தோற்ற மறுநாள் கோச்சை எடைபோடலாமா?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில் திகன, தெல்தெனிய எல்லாம் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைப்பக்கம் போகிறவர்கள் பிரதான வீதியை விட்டுத் திரும்பும் ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பெரிய விளையாட்டரங்கு எதுவும் இங்கே இல்லை. ஆனால் கண்டிப் பாடசாலைகளின் ஆட்டங்களைப் பற்றிப் பேச ஆளுக்குக் குறைவில்லை. மகன் படிக்கும் பாடசாலை, தம்பி படித்த பாடசாலை, கனவிலாவது சேர்க்க நினைத்த பாடசாலை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு.

ஆட்டம் முடிந்த மறுநாள் தேநீர்க் கடையில் முதலில் வரும் கேள்வி, யார் வென்றது என்பது. தோற்றது நம் பக்கம் என்றால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: “கோச் யாரு?” கோச்சுக்கு வயது முப்பதுக்குள் என்று தெரிந்துவிட்டால் தீர்ப்பு எழுதி முடிந்த மாதிரிதான். “அவரே இன்னும் சின்னப் பையன். அவருக்கு என்ன தெரியும்?”

இந்தப் பேச்சைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ரசிகன் பேசாத விளையாட்டு வளராது. நான் கேட்பதெல்லாம், ஓர் இளம் கோச்சின் நிறை குறைகளைச் சொல்லும்போது எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைத்தான். புள்ளிப் பலகை ஒன்றை மட்டும் வைத்துச் சொன்னால், நல்ல கோச்சுகளை இழப்போம். குறையுள்ளவர்களின் உண்மையான குறையையும் காணாமல் விடுவோம்.

இரண்டு ஆட்டங்களின் கணக்கு

பாடசாலை விளையாட்டில் கண்டிக்குப் பழைய பெயர் உண்டு. இலங்கையில் பாடசாலைகளுக்கு இடையிலான முதல் ரக்பி ஆட்டத்தை 1906இல் ஆடியவை கண்டியின் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும்தான். திரித்துவக் கல்லூரியும் கொழும்பு ரோயல் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, கூடுதலாக எடுத்தவர்களுக்குக் கேடயம். முதல் ஆட்டத்தில் தோற்ற அணி இரண்டாவதில் அந்தக் குறையை ஈடுகட்டிக் கேடயத்தை எடுத்துப் போகலாம்.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பதை விதியாகவே வைத்திருக்கும் போட்டி இது. இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள், கோச் விஷயத்தில் மட்டும் ஒரே பிற்பகலில் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கண்

கோச்சின் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்டிக்காரர்கள் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி போதும். அங்கே ஒரு மாணவன் மித வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தான். பதினான்கு வயதில், பாடசாலையின் கிரிக்கெட் கோச் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டு ஓஃப் ஸ்பின்னுக்கு மாறினான். கல்லூரி அணியில் ஆடிய கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தான். 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருதும் அவனுக்கே கிடைத்தது. 1992இல் டெஸ்ட் அணிக்குள் வந்த அந்தப் பையன்தான் முத்தையா முரளிதரன். 2010இல் காலியில் தன் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை முடித்தபோது அவர் கணக்கில் 800 விக்கெட்டுகள் இருந்தன. இன்றுவரை அதை யாரும் தொடவில்லை.

மாற்றம் நடந்த அந்தப் பருவத்தில் எல்லைக்கோட்டருகே நின்று பார்த்த ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஓடிவந்து வேகமாக வீசிக்கொண்டிருந்த பையன் மெதுவாக வீசுகிறான் என்பது தெரிந்திருக்கும். பழகும் நாட்களில் ஓட்டங்களும் போயிருக்கலாம். எட்டு வருடம், பத்து வருடம் கழித்துத்தான் அந்த முடிவின் பெறுமதி முழுதாக வெளியே வரும். ஒரு பிள்ளையின் உடம்பையும் கையையும் பார்த்து, இவனுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் பாடசாலைக் கோச்சின் முதல் வேலை. அந்த வேலைக்குப் புள்ளிப் பலகையில் இடம் கிடையாது.

டியூக்கில் தப்பிய வேலை

இளம் கோச்சை ரசிகர்கள் எடைபோடுவது பெருந்தொழிலாகவே நடக்கும் இடம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம். அதில் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தின் கதை நமக்கு நல்ல பாடம்.

1980இல் டியூக் அணிக்கு மைக் ஷஷெவ்ஸ்கி கோச்சாக வந்தபோது அவருக்கு வயது 33. அதற்கு முந்திய பருவத்தில் அவர் பயிற்றுவித்த இராணுவக் கல்லூரி அணி 9 ஆட்டங்களில்தான் வென்றிருந்தது, 17இல் தோற்றிருந்தது. டியூக்கில் முதல் பருவம் பரவாயில்லை. அடுத்த இரண்டிலும் வெற்றியைவிடத் தோல்விகள் கூடின. மூன்று பருவங்களையும் கூட்டினால் 38 வெற்றி, 47 தோல்வி. 1983 மார்ச்சில் வேர்ஜினியா அணியிடம் 109-66 என்று நசுங்கியது டியூக். அணிக்குப் பணம் கொடுக்கும் பழைய மாணவர்களே அவரை அனுப்பிவிடச் சொல்லி நெருக்கினார்கள்.

விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் டொம் பட்டர்ஸ் அனுப்பவில்லை. அடுத்த பருவத்தின் நடுவிலேயே புதிய ஒப்பந்தம் கொடுத்தார். அவர் பார்த்ததை மற்றவர்களும் பார்த்திருக்க முடியும். ஏனென்றால் அது மைதானத்திலேயே இருந்தது: ஜொனி டோக்கின்ஸ், மார்க் அலரி, ஜே பிலாஸ் முதலான முதலாம் வருட மாணவர்களை ஷஷெவ்ஸ்கி தேடிக் கொண்டுவந்து, தோற்றாலும் பரவாயில்லை என்று ஆடவிட்டுக்கொண்டிருந்தார். அதே மாணவர்கள் இறுதியாண்டுக்கு வந்த 1986இல் டியூக் 37 ஆட்டங்களில் வென்று தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. முதல் தேசியப் பட்டம் 1991இல் வந்தது. வேலைக்கு வந்து பதினோராவது வருடம். 2022இல் ஓய்வு பெற்றபோது ஐந்து தேசியப் பட்டங்களும், அமெரிக்க அணியோடு மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் அவர் பெயரில் இருந்தன.

பழைய மாணவர்கள் அன்று சொன்ன குறை பொய்யில்லை. தோல்விகள் உண்மை. ஆனால் அந்தத் தோல்விகளுக்குள்ளே ஓர் அணி முளைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

வயது மட்டும் காரணமா?

ஷஷெவ்ஸ்கியின் இடத்துக்கு வந்தவர் ஜோன் ஷையர். 2010இல் டியூக் பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். தலைமைக் கோச்சானபோது வயது 34. தான் ஆடிய அணிக்கே கோச்சாகத் திரும்புவது நம் பாடசாலைகளிலும் வழக்கம் என்பதால் அவர் கதை நமக்கு அந்நியமாகத் தெரியாது.

ஷையரின் நிறையைச் சொல்வது எளிது. முதல் இரண்டு பருவங்களிலும் 27 வெற்றிகள். மூன்றாவது பருவமான 2024-25இல் 35 வெற்றி, 4 தோல்வி. திறமையுள்ள இளைஞர்களைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். அந்தப் பருவத்தில் ஆடிய முதலாம் வருட மாணவர்களில் கூப்பர் ஃபிளாக்கை 2025ஆம் ஆண்டின் என்.பி.ஏ. தெரிவில் முதல் ஆளாக எடுத்தார்கள். இன்னும் இருவர் முதல் பத்துக்குள் போனார்கள்.

குறை வெளிப்பட்ட இடமும் தெளிவானது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி நடந்த தேசிய அரையிறுதியில் ஹூஸ்டன் அணிக்கு எதிராக டியூக் 14 புள்ளிகள் முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய எட்டு நிமிடம்தான் பாக்கி. கடைசி நிமிடத்தில்கூட ஆறு புள்ளி முன்னிலை. அதையும் விட்டு 70-67 என்று தோற்றார்கள். எதிர்ப்பக்கக் கோச் கெல்வின் சம்சனுக்கு வயது 69, ஷையருக்கு 37. அனுபவம் வென்றது, இளமை தோற்றது என்று எழுத அன்றிரவே எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது.

ஆனால் இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ஹூஸ்டன் 12 புள்ளி முன்னிலையை விட்டு, புளோரிடாவிடம் 65-63 என்று தோற்றது. புளோரிடாவின் கோச் டொட் கோல்டனுக்கு வயது 39. அனுபவசாலியும் முன்னிலையைத் தொலைப்பார்; இளையவரும் துரத்திப் பிடிப்பார். ஷையரின் அணி கடைசி நிமிடங்களைக் கையாண்ட விதத்தில் குறை இருந்தது என்பது சரியான விமர்சனம். “சின்னப் பையன், அதனால்தான்” என்பது விமர்சனம் ஆகாது. முன்னதைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. பின்னதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது.

அந்த அறுபது விநாடி

அப்படியானால் எதைப் பார்ப்பது? கூடைப்பந்தாட்டத்தில் நான் பார்க்கச் சொல்வது டைம்-அவுட்டை. சர்வதேச விதிப்படி முதற்பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அதிலும் கடைசிக் கால்பகுதியின் இறுதி இரண்டு நிமிடங்களில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஒவ்வொன்றும் அறுபது விநாடி. ரசிகர்கள் தண்ணீர் குடிக்கவும் கூச்சல் போடவும் ஒதுக்கும் அந்த நிமிடத்தில்தான் கோச் முழுதாக வெளிப்படுவார்.

பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். இதயம் அடித்துக்கொள்கிறது. காதில் பாதிதான் ஏறும். அனுபவமில்லாத கோச் அந்த நேரத்தில் நடந்து முடிந்த பிழைகளை வரிசையாக ஒப்பிப்பார். ஐந்து பேருக்கும் ஐந்து கட்டளை கொடுப்பார். மணி அடிக்கும்போது அவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் எழுந்து போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். என்ன செய்யச் சொன்னார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். தேறிய கோச் முதல் சில விநாடிகள் மூச்சுவிட விடுவார். பலகையில் ஒரே ஓர் ஆட்டத்தை வரைவார். பந்து யார் கையில், திரை யார் போடுவது, தவறினால் பின்னால் யார் ஓடுவது; அவ்வளவுதான்.

இன்னொன்று, ஃபவுல் கணக்கு. ஐந்தாவது தனிநபர் ஃபவுலோடு வீரர் வெளியேற வேண்டும். முக்கிய ஆட்டக்காரருக்கு நான்கு விழுந்துவிட்டால் அவரை எப்போது உட்கார வைப்பது, எப்போது திரும்ப இறக்குவது? ஒரு கால்பகுதியில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆனபின் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு இலவச எறிதல் கிடைக்கும். அது தன் பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறதா என்று கோச் பார்த்துக்கொள்கிறாரா? இளம் கோச்சுகள் சறுக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். அதைப் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் அடுத்த ஆட்டத்துக்குள் திருத்தலாம். “கோச்சை மாத்து” என்று கத்துவதால் ஒரு பிள்ளைக்கும் பந்து பிடிக்க வந்துவிடாது.

மலையிலிருந்து வரும் பிள்ளை

ஹுன்னஸ்கிரிய மாதிரி ஊரில் இருந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. நகரத்தில் குடியிருக்கும் பிள்ளை பயிற்சி முடிந்து நடந்தே வீட்டுக்குப் போய்விடும். தோட்டத்துப் பிள்ளை பஸ் பிடித்து மலையேற வேண்டும். இருட்டியபின் இறங்குமிடத்திலிருந்து லயத்துக்கு நடக்க வேண்டும். அப்பா, அம்மா காலையில் மலைக்குப் போய்விடுவார்கள். சப்பாத்து வாங்குவதே ஒரு மாதத்துக் கவலை. அப்படிப்பட்ட பிள்ளை பயிற்சிக்குத் தாமதமாக வந்தாலோ முன்னதாகப் போகக் கேட்டாலோ கோச் என்ன செய்கிறார்? ஒழுக்கம் இல்லை என்று பெயரை வெட்டுகிறாரா? வீடு எங்கே என்று கேட்டு, பயிற்சி நேரத்தை அதற்கேற்ப ஒழுங்கு செய்கிறாரா?

இளம் கோச்சுகளின் பெரிய பலம் இங்கேதான் இருக்க முடியும். பிள்ளைகளின் வயதுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்களோடு ஓடி ஆடுவார்கள். அவர்கள் பேசும் பேச்சு புரியும். தொலைபேசியில் ஆட்டத்தைப் படமெடுத்து அன்றிரவே பிழையைக் காட்டுவார்கள். அதே நெருக்கத்தில் ஆபத்தும் உண்டு. தனக்குப் பிடித்த இருவருக்கே வாய்ப்புக் கொடுப்பது, தான் ஆடிய காலத்து ஆட்டத்தையே எல்லோர் மேலும் திணிப்பது, நடுவரோடு பிள்ளைகளுக்கு முன்னாலேயே மல்லுக்கு நிற்பது. இவற்றைக் கண்டால் மறைக்க வேண்டாம். அவரிடமே, நேரில், மரியாதையோடு சொல்லுங்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் பெற்றோருக்கும் அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் கோச்சுக்கு மூன்று பருவமாவது கொடுங்கள். கீழ்ப்பிரிவு அணியில் சேர்ந்த பிள்ளை மேல்பிரிவுக்கு வந்து சேர அவ்வளவு காலமாவது வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் விளையாட்டை விட்டுப் போனார்கள், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் யார் ஆட்டக்காரரானார், தோற்ற ஆட்டத்தின் அதே பிழை அடுத்த பருவத்திலும் வந்ததா என்று எழுதி வையுங்கள். மூன்று பருவம் கழிந்தும் அந்தக் கணக்கில் முன்னேற்றம் இல்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். அதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுவரை, தோற்ற மறுநாள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.