காந்தத் துகளுக்கு மணல் சட்டை

சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கே பால் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பால் உறையாமல் இருக்க அமோனியா, உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் என்பார். காரணம் படிவம் 5 வேதியியலில் இருக்கிறது. ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரத உறை ஒன்று மூடியிருக்கிறது. உறையின் எதிர்மின்னூட்டம் துகள்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறது. அமிலம் அதை நடுநிலையாக்கினால் துகள்கள் மோதி, உறை கிழிந்து, ஒட்டிக்கொள்ளும்.

மருத்துவத்துக்குக் காந்தத் துகள் செய்பவர்களுக்கும் இதே தலைவலிதான். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடை 10 நானோமீட்டர் அளவில் செய்தால் (முடி ஒன்றின் குறுக்கே சில ஆயிரம் துகள்களை அடுக்கலாம்) விந்தையான குணம் வருகிறது. காந்தத்தைக் காட்டினால் இழுபடும். எடுத்துவிட்டால் காந்தத்தன்மையை மறந்துவிடும். ஆனால் வெறுந்துகள் இரத்தத்தில் கட்டிதட்டும். மெல்ல மெல்ல வேதிமாற்றமும் அடையும். அதனால்தான் சிலிக்கா உறை. மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். அதன் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் உண்டு.

1968-இல் ஜெர்மனியின் வெர்னர் ஸ்டோபரும் குழுவினரும் வெளியிட்ட முறையில் இந்த உறையைப் போர்த்தலாம். அங்கேயும் அமோனியா வருகிறது! ஆனால் வேலை வேறு: வினையை விரைவுபடுத்துவது. சவர்க்காரம் போன்ற மூலக்கூறுகளைக் கலந்தால், அவை குழாய் குழாயாகச் சேரும். சுற்றிலும் சிலிக்கா இறுகும். பிறகு அவற்றை நீக்கினால் 2 முதல் 4 நானோமீட்டர் அகலத் துளைகள் மிஞ்சும். இப்படிப்பட்ட துளைச் சிலிக்கா ஒரு கிராமின் மேற்பரப்பு 1000 சதுர மீட்டரைத் தொடலாம். பன்னிரண்டு பூப்பந்துத் திடல்கள்! மருந்தை வைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

துளையில்லாத சிலிக்கா உறைத் துகள்கள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. 2020-இல் கோவிட் பிசிஆர் சோதனைகளில் பல ஆய்வுக்கூடங்கள் இத்தகைய காந்த மணிகளைத்தான் பயன்படுத்தின. தகுந்த உப்புக் கரைசலில் கிருமியின் ஆர்என்ஏ சிலிக்காவில் ஒட்டும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்து மணிகளைப் பிடித்துக்கொண்டு அழுக்கைக் கழுவிவிடலாம்.

மருந்து நிரப்பிய துளைத் துகள்களோ பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும்தான் இருக்கின்றன. 'நானோ காந்தம் புற்றுநோயைத் தேடிப் பிடிக்கும்' என்று புலனத்தில் செய்தி வந்தால், அதை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தூரம் கூடக்கூடக் காந்த இழுவை சட்டென்று குறையும். உடலுக்கு வெளியே வைத்த காந்தத்தால் ஆழத்தில் இருக்கும் கட்டிக்குத் துகளை இழுப்பது கடினம். போகும் வழியில் கல்லீரலும் மண்ணீரலும் துகள்களைக் குப்பையென்று பிடித்துக்கொள்கின்றன. 2010-இல் ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு அனுமதி பெற்ற ஜெர்மானிய முறையில்கூட, இரும்பு ஆக்சைடு துகள்களை ஊசியால் நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, மாறுகாந்தப் புலத்தால் சூடேற்றினார்கள்.