பல்குவியத் தொடுவில்லை

பல்குவியத் தொடுவில்லை என்பது தொலைவு, இடைத்தொலைவு, அருகு ஆகிய மூன்று நிலைகளிலும் பார்க்க உதவும் வகையில், ஒன்றுக்கு மேற்பட்ட ஒளித்திறன்கள் ஒரே வில்லையில் அமைந்த தொடுவில்லை ஆகும். பேச்சு வழக்கில் இது மல்டிஃபோகல் காண்டாக்ட் லென்ஸ் எனப்படுகிறது. நாற்பது வயதை ஒட்டித் தோன்றும் வெள்ளெழுத்துக்கு, படிப்புக் கண்ணாடிக்கு மாற்றாக இது பயன்படுகிறது.

வெள்ளெழுத்து தோன்றும் காரணம்

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது அது தடித்து, தன் குவிக்கும் திறனைக் கூட்டிக்கொள்கிறது. சிறுவர்களுக்கு இத்திறன் 10 டயாப்டருக்கும் மேல் இருக்கும். வயது ஏற ஏற வில்லை இறுகுவதால் இது குறைந்து, அறுபது வயதளவில் ஏறத்தாழ இல்லாமலே போகிறது.

40 செ.மீ. தொலைவில் உள்ள எழுத்தைப் படிக்க 2.5 டயாப்டர் தேவை. உள்ள திறன் முழுவதையும் நெடுநேரம் செலவிடக் கண்ணால் இயலாது. பாதியளவாவது மிச்சம் இருந்தால்தான் களைப்பின்றிப் படிக்கலாம். அதனால்தான் திறன் முற்றிலும் தீர்வதற்கு முன்பே, 40 முதல் 45 வயதுக்குள், செய்தித்தாளைக் கைநீட்டிப் பிடிக்கும் நிலை வருகிறது.

வகைகள்

ஒருங்கு பார்வை வில்லைகள்: மென்மையான பல்குவிய வில்லைகள் பெரும்பாலும் இவ்வகையே. தொலைவுக்கும் அருகுக்கும் உரிய திறன்கள் வட்ட வளையங்களாகவோ, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிப்படியாக மாறுவதாகவோ அமைந்திருக்கும். இரண்டு பிம்பங்களும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழும். தேவையானதைக் கவனித்து மற்றதை ஒதுக்க மூளை பழகிக்கொள்கிறது.

இடம்பெயரும் வில்லைகள்: இவை காற்றுப் புகும் கடின வில்லைகள். மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி அருகுக்கும் உரியவை. பார்வையைத் தாழ்த்தும்போது கீழ் இமை வில்லையைத் தாங்கிக்கொள்வதால், படிக்கும் பகுதி கண்பாவைக்கு நேராக வருகிறது.

ஒற்றைப் பார்வை முறை: இது பல்குவிய வில்லை அன்று, அதற்கு மாற்றான முறை. ஒரு கண்ணுக்குத் தொலைவுத் திறனும் மறு கண்ணுக்கு அருகுத் திறனும் கொண்ட சாதாரண வில்லைகள் அணியப்படும். செலவு குறைவு, ஆனால் இரு கண்களும் இணைந்து ஆழத்தை அறியும் திறன் சற்றுக் குறையும்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

அன்றாடப் பணி: நாள் முழுவதும் கணினி முன் இருப்பவருக்கு இடைத்தொலைவுப் பார்வையும், தையல் அல்லது நகைத் தொழில் செய்பவருக்கு அருகுப் பார்வையும் முதன்மையானவை. இரவில் வாகனம் ஓட்டுபவருக்குத் தெளிவான தொலைவுப் பார்வை இன்றியமையாதது.

கண்பாவையின் அளவு: வெளிச்சத்தில் பாவை சுருங்கும்; இருளில் விரியும். எனவே நடுவில் அருகுத் திறன் உள்ள வில்லையும் நடுவில் தொலைவுத் திறன் உள்ள வில்லையும் ஒருவருக்கே வெவ்வேறு வெளிச்சத்தில் வெவ்வேறாகச் செயல்படும்.

கண்ணீர்ப் படலம்: வயது கூடும்போது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, கண் வறட்சி மிகுதியாகக் காணப்படும். வறண்ட கண்ணில் வில்லை உறுத்தும், பார்வையும் மங்கும். அதற்கு முதலில் சிகிச்சை தேவை.

ஏற்கெனவே உள்ள குறைபாடு: கண்ணாடியின் திறனை அப்படியே தொடுவில்லைக்கு எழுத இயலாது. எடுத்துக்காட்டாக, கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி அணியும் −6.00 கண்ணாடிக்கு ஈடான தொடுவில்லை ஏறத்தாழ −5.60 ஆகும். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கலாம். தொடுவில்லையில் அந்த வசதி இல்லை. சிதறல் பார்வை கூடுதலாக இருந்தால் அதற்கென அமைந்த தனி வில்லை வேண்டும்.

குறைகள்

ஒளி இரு பிம்பங்களுக்கும் பகிரப்படுவதால், கண்ணாடியில் கிடைக்கும் கூர்மை முழுமையாகக் கிடைக்காது. மங்கிய வெளிச்சத்தில் பொடி எழுத்து தெரியாமல் போகலாம். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். ஆகவே வாங்குவதற்கு முன் மாதிரி வில்லையை ஓரிரு வாரம் வீட்டிலும் வேலையிடத்திலும் அணிந்து பார்ப்பது வழக்கம். பழகும் வரை இரவில் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பல்குவிய வில்லை அணிபவர்களிலும் சிலர் மிக நுண்ணிய வேலைக்குப் படிப்புக் கண்ணாடியை வைத்துக்கொள்கின்றனர்.

பாதுகாப்பு

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே வில்லையைத் தொட வேண்டும். குழாய் நீர், கிணற்று நீர், எச்சில் எதுவும் வில்லையில் படக்கூடாது. நீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியில் கடுமையான தொற்றை உண்டாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் வில்லையைக் கழற்றிவிட வேண்டும். கரைசலை நாள்தோறும் மாற்ற வேண்டும். பழையதுடன் புதியதைக் கலக்கக்கூடாது.

நாற்பதுக்குப் பின் வரும் மங்கல் எல்லாம் வெள்ளெழுத்து அன்று. கண்புரை, கண் அழுத்த நோய், நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆகியவையும் இதே வயதில் தொடங்கலாம். கண் அழுத்த நோய் பெரும்பாலும் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. எனவே கடையில் திறன் அளந்து வில்லை வாங்குவதோடு நில்லாமல், கண் அழுத்தமும் விழித்திரையும் சோதிக்கப்படுவது அவசியம். வில்லை அணிந்திருக்கும்போது கண் சிவத்தல், வலி, ஒளிக் கூச்சம், திடீர் மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அதைக் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும்.